கிணற்று நீரில் ஃப்ளோரைடு: வேலூர்ப் பகுதி வீடுகளுக்கான பரிசோதனை முறை

வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்தில் கிணற்று நீரை இரண்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம்: பருப்பு வெந்து சோப்பு நுரைத்தால் அது நல்ல தண்ணீர், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர். கடினத்தன்மையை அறிய இந்த அளவுகோல் போதும். ஆனால் பாறையிலிருந்து இயற்கையாகவே கரைந்து வரும் ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, நாக்கு உணரும் சுவையும் இல்லை. கால்சியம் மிகுந்த நீரில் ஃப்ளோரைடு கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடுவதால் ஓரளவுக்கு மேல் ஏறுவதில்லை. கால்சியம் குறைந்து காரத்தன்மை மிகுந்த மென்னீரில் அந்தத் தடை இல்லை. ஆகவே பருப்பை நன்றாக வேகவைக்கும் அதே நீர் பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கும் நீராகவும் இருக்கக்கூடும். பரிசோதனை தேவை என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி கிரானைட், நைஸ், சார்னோகைட் ஆகிய கடும்பாறைகளின் மேல் அமைந்தது. இவற்றிலுள்ள கறுப்பு அபிரகம், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்களில் ஃப்ளோரைடு அடங்கியிருக்கிறது. பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பகுதியில், ஃப்ளோரைடால் எலும்பு பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் 1937-லேயே எழுதிவிட்டார்கள். வெடிப்புக்கு வெடிப்பு நீர் மாறும் என்பதால், பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் அறிக்கையை நம் கிணற்றுக்கும் பொருந்துவதாகக் கொள்ள முடியாது.

ஆண்டுக்கு இருமுறை, அதாவது நீர்மட்டம் இறங்கிய வைகாசியிலும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்திலும், மாதிரி எடுப்பது நல்லது. ஒருமுறைதான் இயலும் என்றால் வைகாசியையே தேர்ந்தெடுப்பேன். நாம் மிகுதியாகக் குடிப்பது அந்த வெயிலில்தான்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. மாடித் தொட்டியின் குழாயிலோ சுத்திகரிப்புக் கருவியின் குழாயிலோ பிடித்த நீர், கிணற்றின் உண்மையைச் சொல்லாது. ஆழ்துளைக் கிணறாக இருந்தால் மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய நீர் வெளியேறிய பிறகு, தொட்டிக்குப் போகுமுன் பிடிக்க வேண்டும். திறந்த கிணறாக இருந்தால் சில வாளி இறைத்து ஊற்றிவிட்டு, மேற்பரப்பின் தூசியும் பாசியும் சேராதபடி, வாளியை ஆழத்தில் இறக்கி மொள்ள வேண்டும். ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடும் என்பதால் பிளாஸ்டிக் பாட்டிலே ஏற்றது. சோப்புப் போட்டுக் கழுவாமல் அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். இரண்டு லிட்டர் போதும். தேதி, நேரம், ஊர், கிணற்றின் வகை, அடிக்கணக்கில் ஆழம் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். கிருமிப் பரிசோதனையும் வேண்டுமென்றால் அதற்குப் பரிசோதனைக் கூடத்திலேயே கிருமி நீக்கிய தனிப் பாட்டில் வாங்கி, நிரப்பியதைப் பனிக்கட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்தி மாதிரியைக் கொடுக்கலாம். "தண்ணீரைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லாமல் ஃப்ளோரைடு, மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், காரத்தன்மை, நைட்ரேட், இரும்பு, கரைந்த உப்புகளின் மொத்த அளவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கடும்பாறைப் பகுதி என்பதால், வசதி இருந்தால் யுரேனியத்தையும் சேர்க்கலாம். தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு அருகில் இருப்பவர்களின் கவலையான குரோமியம் இயற்கையாக வருவதன்று. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். கையடக்க டி.டி.எஸ். மீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது உப்புகளின் கூட்டுத்தொகையைக் காட்டுமே தவிர, அதற்குள் ஃப்ளோரைடு எவ்வளவு என்று காட்டாது.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு ஏற்கத்தக்கது; வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை அனுமதி உண்டு. நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம், யுரேனியத்துக்கு 30 மைக்ரோகிராம் என்பவை வரம்புகள். ஃப்ளோரைடு எண்ணை, எவ்வளவு குடிக்கிறோம் என்பதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 1.5 அளவுள்ள நீரை நாளுக்கு நான்கு லிட்டர் குடித்துக் கழனியில் வேலை செய்பவர், சோற்றிலும் குழம்பிலும் சேர்வதைக் கணக்கிடாமலேயே 6 மில்லிகிராம் உட்கொள்கிறார். வீட்டில் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால், நிலையான பற்கள் உள்ளே உருவாகும் காலம் அது என்பதால், 1.0-ஐத் தாண்டினாலே நான் அந்த நீரைக் குடிக்கக் கொடுக்க மாட்டேன்.

அளவு மிகுந்தால் அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குளிக்கவும் துவைக்கவும் தடையில்லை. காய்ச்சுவதால் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். புற ஊதாக் கதிர் வடிகட்டியும் துணி வடிகட்டியும் இதற்கு உதவா. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கலாம். முறையாகச் சேமித்த மழைநீரில் ஃப்ளோரைடு மிகக் குறைவு. ஆர்.ஓ. கருவியோ, ஃப்ளோரைடைத் தன்மேல் ஈர்த்துப் பிடிக்கும் செயலூட்டிய அலுமினா வடிகட்டியோ பொருத்தினால், அதிலிருந்து வெளிவரும் நீரையும் அதே கூடத்தில் சோதியுங்கள். அலுமினா நாளடைவில் தன் ஆற்றலை இழக்கும். அப்போதும் நீர் தெளிவாகவே தோன்றும். உணவில் கால்சியம் இருந்தால் ஃப்ளோரைடு உடலில் சேர்வது ஓரளவு குறையும் என்பதால் கேழ்வரகுக் களியும் பாலும் துணை நிற்கும், ஆனால் அவை நீரை மாற்றுவதற்கு ஈடாகா.

அறிக்கைகளைத் தேதி வாரியாக ஒரே உறையில் வைத்திருங்கள். கிணற்றை ஆழப்படுத்தினாலோ புதிய போர் போட்டாலோ பழைய அறிக்கை பயன்படாது. புதிய வெடிப்பிலிருந்து வருவது வேறு நீர், அதற்கு மீண்டும் மாதிரி எடுக்க வேண்டும்.