கவிதையில் இருக்கும் உவமையை ஷாட்டாக மாற்றுவது எப்படி?

"அவன் போனதும் அவள் மனசு கண்ணாடி மாதிரி நொறுங்கியது" என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படப்பிடிப்பில் என்ன ஆகும்? அசிஸ்டென்ட் ஒருத்தர் ஓடிப்போய் ஒரு கண்ணாடி வாங்கி வருவார், ஸ்லோமோஷனில் அதைப் போட்டு உடைப்பீர்கள், எடிட்டில் அவள் முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவீர்கள், பார்க்கிறவருக்கு ஒரு கண்ணாடி உடைந்தது என்பதுமட்டும் தெரியும். காதல் என்றால் இரண்டு பூக்கள் உரசும், சாவு என்றால் விளக்கு அணையும், கோபம் என்றால் அலை வந்து பாறையில் மோதும் என்று நம் சினிமா பல வருஷம் ஓட்டிவிட்டது. இன்றைக்கு அதை எடுத்தால் தியேட்டரில் சிரிப்பார்கள்.

இதற்கு மருந்து தொல்காப்பியத்தில் இருக்கிறது என்று சொன்னால் பண்டிதப் பேச்சு என்று ஓடிவிடாதீர்கள், ரொம்ப நடைமுறையான விஷயம். உவமவியலின் முதல் சூத்திரமே உவமையை நான்காகப் பிரிக்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செயலால் ஒப்பு, அதனால் கிடைக்கும் பலனால் ஒப்பு, வடிவத்தால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. குறும்படம் எடுக்க வருகிற பெரும்பாலோர் மெய்யிலும் உருவிலும் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் கேமராவில் சட்டென்று பிடிபடுவது வடிவமும் நிறமும்தான். நிலவு மாதிரி முகம் என்றால் நிலவைக் காட்டிவிடலாமே! ஆனால் சீனை நகர்த்துவது வினை. ஆகவே ஒரு கவிதை வரி கையில் கிடைத்ததும் முதலில் கேட்க வேண்டியது, இந்த உவமைக்குள் யார் என்ன செய்கிறார், அல்லது யாரால் என்ன செய்ய முடியவில்லை என்பதுதான்.

ஒன்றை முழுசாகப் பிரித்துப் பார்ப்போம். குறுந்தொகை 58, வெள்ளிவீதியார் பாட்டு. காதல் நோயில் கிடக்கும் தலைவனை நண்பன் இடித்துப் பேச, அவனுக்குத் தலைவன் சொல்கிற பதில். நடுவில் இந்த வரிகள்:

ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில்
கையில் ஊமன் கண்ணின் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போல

வெயில் கொளுத்துகிற பாறை. அதன்மேல் வெண்ணெய். காவலுக்கு ஒருவன், அவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் வராது. உருகுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

இதை அப்படியே எடுக்கலாமா? எடுக்கலாம், அழகாகக்கூட வரும், ஆனால் காதலில் தவிக்கிறவன் கதைக்கு நடுவே இந்தப் பாறையைச் சொருகினால் பார்க்கிறவர் 'இவன் யார், இது எந்த ஊர்' என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின், 1925-இல் வெளிவந்த 'ஸ்ட்ரைக்' படத்தின் முடிவில் தொழிலாளர்களைச் சுட்டுக் கொல்வதற்கு நடுநடுவே மாடு வெட்டுவது வரும். அந்த மாடு கதைக்குள் இல்லாத மாடு. படம் முழுக்க அந்த வேகத்தில் போனதால் அங்கே அது தாங்குகிறது. பத்து நிமிஷக் குறும்படத்தில் நாம் செய்தால் பெரும்பாலும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

சரி, அப்போது என்ன செய்வது? வெண்ணெயையும் பாறையையும் மறந்துவிட்டு, நடக்கிற காரியத்தை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பொருள் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. பார்க்க முடிகிறது. கையால் தடுக்க வழியில்லை. வாயைத் திறந்து யாரையும் கூப்பிடவும் வழியில்லை. நேரம் ஆக ஆக நிலைமை மோசமாகிறது. இந்த ஐந்தும் இயல்பாகச் சேருகிற இடம் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். எனக்குக் கிடைத்தது கல்யாண வீடு.

உள் / கல்யாண வீட்டுக் கூடம் / இரவு

பாயில் மணப்பெண். இரண்டு கையிலும் முழங்கைவரை ஈர மெஹந்தி, கைகளைத் தலையணைமேல் நீட்டி வைத்திருக்கிறாள். எதிரே கோன் பிடித்த பெண் விரல் நுனியில் கடைசிக் கொடியைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பித்தளைத் தாம்பாளம், அதில் கவிழ்த்து வைத்த போன். அது அதிர்கிறது. தாம்பாளம் சேர்ந்து அதிர்கிறது. மணப்பெண் பார்க்கிறாள். போன் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்கிறது.
அத்தை (உள்ளேயிருந்து): யாருடி அது, எடுத்துக் குடுக்கட்டுமா?
மணப்பெண்: வேண்டாம் அத்தை. லோன் வேணுமான்னு கேக்கறவங்க.
அதிர்வு நிற்கிறது. மறுபடி தொடங்குகிறது.

கையும் இல்லை, வாயும் இல்லை. அழைப்பது யார் என்று நாம் பெயரைக் காட்டவே வேண்டியதில்லை, அவள் பார்க்கிற பார்வை போதும். கவிதையில் ஆண் பேசுகிறான், இங்கே பெண். அதனால் ஒன்றும் குறையவில்லை. 'உருகுவது' இங்கே விளிம்புக்கு நகர்கிற போனாகவும் நிற்கப்போகிற அழைப்பாகவும் வந்துவிட்டது. முக்கியமாக, மெஹந்தியோ தாம்பாளமோ வெளியிலிருந்து கொண்டுவந்த பொருள் இல்லை, கல்யாண வீட்டில் எப்படியும் இருப்பவை. இலக்கணக்காரர்கள் இதற்குத்தான் கருப்பொருள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அந்த நிலத்துக்கே உரிய மரம், பறவை, உணவு, தொழில். உள்ளுறை உவமத்தை இந்தக் கருப்பொருளை வைத்துத்தான் கட்டுவார்கள், எது எதற்கு உவமை என்று வெளியே சொல்லாமலே. சீனில் வைக்கப்போகிற பொருள்களின் பட்டியலை, அதாவது உங்கள் ப்ராப்பர்ட்டி லிஸ்ட்டை, இந்தக் கண்ணோடு ஒருதடவை வாசியுங்கள். பாதி வேலை ஆர்ட் டிபார்ட்மென்ட் கையில்தான் இருக்கிறது.

அந்த மெஹந்தி போடும் பெண் சும்மா வந்தவள் இல்லை. குறுந்தொகை 25-இல் கபிலர் ஒரு குருகை, அதாவது ஒரு நீர்ப்பறவையை, நிறுத்துவார்: அவன் என்னோடு கூடியபோது வேறு யாரும் இல்லை, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு மட்டும் நின்றது என்று தலைவி சொல்வாள். அந்தக் குருகு சாட்சிதான், ஆனால் அதன் கவனமெல்லாம் மீன்மேல். கோன் பிடித்தவளுக்கும் கண்ணெல்லாம் கொடிமேல்தான். தாம்பாளம் அவள் முட்டிக்குப் பக்கத்தில் அதிர்கிறது, அவள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. துக்கத்தை எடுக்கும்போது பக்கத்தில் தன் வேலையைப் பார்க்கிற ஒரு ஆளை வையுங்கள், நாயகி அழவே வேண்டியிருக்காது.

நிறத்தில் ஏமாறாமல் இருக்க இன்னொன்று. குறுந்தொகை 40-இல் செம்மண்ணில் பெய்த மழைநீரைச் சொல்கிற 'செம்புலப் பெயல்நீர் போல' என்ற வரியைக் கேட்டதும் எல்லோரும் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு செம்மண் தேடிப் போகிறார்கள். சிவப்பு அங்கே உரு. வினை என்னவென்றால் இரண்டு ஒன்றாகிவிட்டது, இனிமேல் பிரித்தெடுக்க முடியாது. பாட்டு 'யாயும் ஞாயும் யாராகியரோ' என்று அம்மாக்களில் தொடங்குவதால் நானும் அம்மாவிடமே போவேன். நாகர்கோவில் பெண், கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், அம்மாவோடு போனில் பேசிக்கொண்டே சமைக்கிறாள். பேச்சுவாக்கில் கோயம்புத்தூர்ப் பேச்சில் "சரிங்" என்கிறாள். அந்தப்பக்கம் ஒரு நொடி சத்தமில்லை, அப்புறம் அம்மா சிரிக்கிற சத்தம். அவ்வளவுதான் சீன். உவமை முழுக்க ஒலிக்குள் போய்விட்டது, மழையும் வேண்டாம் ட்ரோனும் வேண்டாம், பட்ஜெட்டும் மிச்சம்.

எல்லா உவமையும் இப்படி மாறாது. அளவைச் சொல்பவை, வானத்தைவிட உயர்ந்தது கடலைவிட ஆழமானது என்கிற வகை, ரொம்பச் சிரமம். அவற்றை விட்டுவிட்டு வேறு வரி தேடுவது நல்லது. வாய்ஸ் ஓவரில் வாசித்துவிடலாமே என்று தோன்றும், அந்த ஆசையை அடக்குங்கள், படம் காட்டியதையே குரல் திரும்பச் சொல்லும்.

எழுதி முடித்ததும் ஸ்கிரிப்டில் 'போல', 'மாதிரி', 'உணர்கிறாள்', 'நினைக்கிறாள்' வருகிற வரிகளைத் தேடி அடியுங்கள். அடித்தபின் சீன் புரியவில்லை என்றால் அங்கே இன்னும் காரியம் நடக்கவில்லை என்று பொருள். அப்புறம் கவிதையே தெரியாத ஒருவருக்குச் சீனைப் படித்துக்காட்டி, என்ன நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள். "அவளால போனை எடுக்க முடியல, எடுக்கச் சொல்லவும் முடியல" என்று வந்தால் போதும். வெள்ளிவீதியார் பெயரை அவர் சொல்லத் தேவையில்லை.

மெஹந்தி சீனை நிஜமாகவே எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்கிற கன்டினியூட்டி கழுத்தை அறுக்கும். ஈர மெஹந்தி ஃபேன் காற்றில் சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும், கழுவினால் கையில் ஆரஞ்சுக் கறை நிற்கும், மறுநாள் இன்னும் கருத்துப்போகும். ஆகவே நாளைக்கு ரீடேக் எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. கை தெரிகிற க்ளோஸப் எல்லாவற்றையும் முதலில் முடியுங்கள், முகத்தின் டைட் ஷாட்டுகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அதே டிசைனைப் போட்டுக்கொள்ள இன்னொரு பெண்ணைக் கை டூப்பாகத் தயாராக வைத்திருங்கள். தாம்பாளச் சத்தத்தை ஸ்பாட்டில் தனியாக ஒரு டிராக் பதிவு செய்துகொள்ளுங்கள், வசனத்தின்மேல் ஏறிவிட்டால் எடிட்டில் பிரிப்பது ரொம்பச் சிரமம்.