ஐஸ் பெட்டியில் மீன் சுருங்கும்: பிடித்த மீனைச் சரியாக அளக்கும் முறை

மலேசியாவின் தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தூண்டில் போட யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் பிடித்த மீனை முறையாக அளக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைவு. ஆஸ்திரேலியாவில் படிக்கும் அல்லது வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம்மவர்கள் அங்கேயும் தூண்டில் போடுகிறார்கள் என்பதால், இதை இப்போதே கற்றுக்கொள்வது நல்லது. நாம் சியாகாப் என்று அழைக்கும் கொடுவா மீனைக் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமானால், அது 58 செ.மீ.க்குக் குறையாமலும் 120 செ.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

மேல் எல்லை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். சியாகாப் பெரும்பாலும் ஆணாகவே முதிர்ச்சி அடைந்து, பின்னர் வளர்ந்து பெண்ணாக மாறும் மீன். எனவே மிகப் பெரிய மீன்களை எடுத்துவிட்டால் முட்டையிடும் தாய் மீன்களையே எடுத்துவிடுகிறோம். சிறியவற்றை எடுத்தாலோ அவை ஒரு முறைகூட இனப்பெருக்கம் செய்யாமலே போய்விடும்.

முதலில், நீங்கள் தூண்டில் போடும் நீர்நிலைக்கு என்ன விதி என்று கேட்டறியுங்கள். நம் நாட்டின் கூட்டரசு அரசியலமைப்பு, கடல் மற்றும் கழிமுக மீன்பிடியைக் கூட்டரசின் பொறுப்பிலும் ஆற்று மீன்பிடியை மாநிலங்களின் பொறுப்பிலும் வைத்திருக்கிறது. ஆகவே பேராக் ஆற்றின் மேற்பகுதியில் பொருந்தும் விதி பாகான் டத்தோ கழிமுகத்தில் பொருந்தும் என்று நினைக்காமல், அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் விசாரிப்பதே பாதுகாப்பானது. விதியைக் கேட்கும்போது, நீளம் எதுவரை அளக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளப்பது முழு நீளம். வால் பிளவின் நடுப்பகுதி வரை அளப்பது பிளவு நீளம். தெங்கிரி (வஞ்சிரம்) போன்ற ஆழமாகப் பிளந்த வாலுள்ள மீன்களில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

அடுத்து, அளவுப் பலகை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். நீளமான பலகையின் ஒரு முனையில் செங்குத்தாக ஒரு தடுப்புக் கட்டையை அறைந்து, கட்டையின் உட்பக்கம் பூஜ்ஜியமாக அமையும்படி அழியாத மையால் சென்டிமீட்டர் கோடுகளைப் போட்டால் போதும். தையல் நாடாவை மீனின் உடம்பின் மேல் விரித்து அளக்காதீர்கள். நாடா வயிற்றின் வளைவோடு ஏறி இறங்குவதால், இல்லாத நீளம் இருப்பதுபோல் காட்டிவிடும்.

மீன் கரைக்கு வந்தவுடன், அது உயிரோடு இருக்கும்போதே அளந்துவிடுங்கள். பலகையைத் தண்ணீரால் நனைத்து, ஈரக்கையால் மீனைக் கிடத்தி, வாயை மூடி மூக்கைத் தடுப்புக் கட்டையில் ஒட்டவைத்து, உடம்பை நேராக்கிப் படியுங்கள். வெயிலில் காய்ந்த சூடான பலகை மீனின் மேலுள்ள சளிப்படலத்தைப் பெயர்த்துவிடும். பிறகு திருப்பி விட்டாலும் அந்த மீன் நோய்க்கு எளிதில் இரையாகும். வாலை விரித்தபடி விட வேண்டுமா, இரு நுனிகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

இந்த வேலையை வீட்டிற்குப் போய்ச் செய்யலாம் என்று தள்ளிப்போடக்கூடாது. மீன் செத்த பிறகு, தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கும் ஆற்றல் மெல்லத் தீர்ந்து, தசை நார்கள் இறுகிப் பூட்டிக்கொள்கின்றன. தூண்டிலில் நெடுநேரம் போராடிய மீனில் இந்த விறைப்பு இன்னும் விரைவாக வரும். வளைந்த நிலையில் விறைத்த மீனை நேராக்கி அளப்பதும் கடினம். அதோடு உடம்பின் ஈரம் குறைகிறது; வால் துடுப்பின் மெல்லிய விளிம்பு காய்ந்து சுருள்கிறது. உறையவைக்கும் பெட்டியில் நாள்கணக்கில் கிடக்கும் மீன் மேலும் நீர் இழக்கிறது. மீனின் வகை, அளவு, வைத்திருந்த விதம் ஆகியவற்றுக்கு ஏற்பச் சுருக்கம் கூடும், குறையும். பெரும்பாலும் அது ஒரு சில விழுக்காடுதான். கேட்பதற்கு அற்பமாகத் தெரியும் இந்தக் கணக்கை ஒரு மீனில் போட்டுப் பாருங்கள். கரையில் சரியாக 58 செ.மீ. இருந்த சியாகாப் இரண்டு விழுக்காடு சுருங்கினால் 57 செ.மீ.கூடத் தேறாது. படகுத்துறையில் பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரி, காலையில் அது எவ்வளவு நீளமாக இருந்தது என்பதை அறிய மாட்டார். அவர் பலகையில் கிடக்கும் மீனைத்தான் அளப்பார்.

ஆகவே குறைந்தபட்ச அளவை மட்டும் தொட்டு நிற்கும் மீனை எடுக்காதீர்கள். அறுபது செ.மீ. அளவுள்ள மீன், குறைந்தபட்ச அளவைவிட இரண்டு செ.மீ.யாவது கூடுதலாக இருந்தால் மட்டுமே வைத்துக்கொள்வது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. சந்தேகத்துக்குரிய மீனை, தண்ணீருக்குள்ளேயே அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்து, அது தானாக நீந்தத் தொடங்கியதும் விட்டுவிடுங்கள்.

வைத்துக்கொள்ளும் மீனை உடனே கொன்று, ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில், வால் மடியாதபடி நேராகப் படுக்க வையுங்கள். பெட்டி குட்டையாக இருந்தால் மீனை வளைத்துத் திணிக்காமல் நீளமான பெட்டியை வாங்குங்கள். சோதனை முடியும்வரை தலையையோ வாலையோ வெட்ட வேண்டாம். துண்டான மீனில் சட்ட அளவைக் காட்ட வழியே இல்லை.