ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய தள்ளுபடியா? முதலில் பழைய கார் விலையைப் பாருங்கள்

விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு ஷோரூமில் பெரிய தள்ளுபடி சொன்னால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு உங்கள் காரை வாங்க வருபவர் பட்டியல் விலையைப் பார்க்க மாட்டார், புதுக் காரே இப்போது என்ன விலைக்குப் போகிறது என்றுதான் பார்ப்பார், அதிலிருந்துதான் பேரத்தையே தொடங்குவார். அதனால் ஒரு வருடம் ஓடிய அதே மாடல் என்ன விலைக்கு விற்கிறது என்று தேடுங்கள். முதல் வருடத்தில்தான் மதிப்பு வேகமாகச் சரியும், அந்தச் சரிவைத் தள்ளுபடி ஈடுகட்டவில்லை என்றால் ஒரு வருடம் ஓடிய காரே நல்லது.

போர்ஷே 911 ஜிடி3 மாதிரி குறைந்த எண்ணிக்கையில் மட்டுமே வரும் கார்கள் வேறு கதை. அவற்றுக்குப் பெரும்பாலும் தள்ளுபடியே கிடைக்காது, மதிப்பும் நன்றாக நிற்கும். அதே நிறுவனத்தின் மின்சாரக் கார் டைகான் மளமளவென இறங்கியது.

அப்புறம் ஆப்ஷன்கள். கார்பன் ஃபைபர், விசேஷ பெயின்ட் என்று சேர்த்துக்கொண்டே போனால் விற்கும்போது அந்தப் பணத்தில் பெரும்பகுதி திரும்பி வராது. புது மாடல் சீக்கிரம் வரப்போகிறதா என்பதையும் கட்டாயம் விசாரியுங்கள், திடீர்த் தள்ளுபடிக்குப் பல நேரம் அதுதான் காரணம்.