விசுவாசியின் கையில் கதை: விமர்சிக்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியின் சபைகளில் கதை வாசிக்கிறவர்களும் கதை எழுத முயல்கிறவர்களும் பெருகி வருகிறார்கள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் இளைஞர்கள் எழுதிக் கொண்டுவரும் கையெழுத்துப் படிகளையும், சபை இதழ்களுக்கு அவர்கள் எழுதும் நூல் மதிப்புரைகளையும் நான் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றில் திரும்பத் திரும்பக் காணப்படும் பிழைகளுக்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. பெரும்பாலான பிழைகள் கர்த்தருக்காக எழுதுகிறோம் என்ற நல்ல எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை நூல் மதிப்புரைக்கும் பொருந்தும், கற்பனைக் கதைக்கும் பொருந்தும் என்பதே என் நிலை. கீழே சொல்லப்படும் தவறுகள் அனைத்தையும் அந்தக் கட்டளையை வைத்தே அளக்கிறேன்.

விமர்சனத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு நாவலில் குடியும் வசைச்சொல்லும் கூடா ஒழுக்கமும் எத்தனை பக்கங்களில் வருகின்றன என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கையே தீர்ப்பாக எழுதிவிடுவது மிகப் பரவலான தவறு. இந்த முறையில் வேதாகமத்தை மதிப்பிட்டால் ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்தில் வரும் யூதா, தாமார் வரலாறும், நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரமும், தாவீது பத்சேபாள் நிகழ்ச்சியும் எங்கே நிற்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாவம் கதைக்குள் இருக்கிறதா என்று கேட்பதைவிட, அந்தப் பாவத்தை நாம் எந்த மனநிலையோடு பார்க்கும்படி ஆசிரியர் நம்மை நிறுத்துகிறார் என்று கேட்பதே விமர்சகரின் வேலை. ஒரே குடிகாரனை ஒருவர் ரசித்து எழுதலாம், இன்னொருவர் இரங்கி எழுதலாம், மூன்றாமவர் அவன் மனைவியின் பக்கம் நின்று எழுதலாம். மூன்றையும் 'மதுபானக் காட்சிகள் உண்டு' என்ற ஒரே வரியில் அடைக்கிறவர் நூலைப் பற்றி வாசகருக்கு எதையும் சொல்லவில்லை.

இந்தத் தவறு பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. மெக்சிகோவில் திருச்சபை துன்புறுத்தப்பட்ட காலத்தைப் பின்னணியாகக் கொண்டு, கத்தோலிக்கரான கிரஹாம் கிரீன் 1940இல் ஒரு நாவலை வெளியிட்டார். குடிப்பழக்கத்துக்கு அடிமையான, ஒரு குழந்தைக்குத் தகப்பனான பாதிரியார் ஒருவர், பிடிபட்டால் சாவு நிச்சயம் என்று தெரிந்தும் மக்களுக்குத் திருவருட்சாதனங்களை வழங்கிக்கொண்டு அலைவதே அதன் கதை. 1953இல், விசுவாசக் கோட்பாடுகளைக் காக்கும் துறையான வத்திக்கானின் திரு அலுவலகம் அந்த நூலைக் கண்டித்து, திருத்தும்படி கேட்டது, கிரீன் திருத்தவில்லை. பின்னாளில் அவரைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல் தாம் அந்த நாவலைப் படித்திருப்பதாகச் சொல்லி, அதன் சில பகுதிகள் சிலரை எப்போதும் புண்படுத்தத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கூறினார். பாதிரியாரின் குறைகளை எண்ணியவர்களுக்கு, அந்தக் குறைகளின் ஊடாகவும் கிருபை செயல்படுகிறது என்ற நூலின் மையம் கண்ணில் படாமல் போயிற்று.

இதை ஒட்டிய இன்னொரு தவறு, கதாபாத்திரத்தின் வாயில் வரும் சொல்லை ஆசிரியரின் கொள்கையாக எடுத்துக்கொள்வது. யோபின் புத்தகத்தைப் படித்தவர்கள் இந்தத் தவறைச் செய்யவே கூடாது. யோபின் நண்பர்களான எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார்கள். அவர்கள் பேச்சில் பக்தியும் அழகும் நிறைந்திருக்கின்றன. ஆனால் அவர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே கடைசி அதிகாரத்தில் கோபித்துக்கொள்கிறார். அந்த முடிவைப் படிக்காமல் எலிப்பாசின் வரிகளை எடுத்துப் பிரசங்கம் செய்தால் என்ன நேருமோ, அதுவேதான் ஒரு நாவலின் நடுவிலிருந்து நாத்திகப் பாத்திரத்தின் இரண்டு வசனங்களைப் பிடுங்கி 'இந்த ஆசிரியர் தேவனை மறுக்கிறார்' என்று எழுதும்போதும் நேர்கிறது. கடைசிப் பக்கம் வரை படிக்காத நூலைப் பற்றி எழுதாமலிருப்பதே நேர்மை.

கண்டிப்பதில் மட்டும் பொய்ச்சாட்சி இல்லை, பாராட்டிலும் இருக்கிறது. நம் சபையார் எழுதியது, நல்ல நோக்கத்தில் எழுதியது என்பதற்காக, உயிரில்லாத கதையை ஆத்துமாவுக்கு மன்னா என்று எழுதிவிடுகிறோம். அதை நம்பி விலை கொடுத்து வாங்குகிற வாசகரும் நமக்குப் பிறன்தான். எழுதியவருக்கும் அதனால் நன்மை இல்லை. அவருடைய அடுத்த கதையும் அப்படியே வரும்.

எழுதுவதற்கு வருகிறேன். கிறிஸ்தவர் எழுதும் கதையில் கிறிஸ்தவர்கள்தாம் இருக்க வேண்டும், ஒருவராவது மனந்திரும்ப வேண்டும் என்று இளைஞர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர்; அவருடைய பிரதாபனும் ஞானாம்பாளும் கிறிஸ்தவர்கள் அல்லர். தமிழ் நாவலின் தொடக்கத்திலேயே ஒரு கிறிஸ்தவர் இந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போது, நாம் ஏன் அதை விட்டுக்கொடுக்க வேண்டும்? எஸ்தரின் புத்தகத்தின் எபிரெய மூலத்தில் தேவனுடைய நாமம் ஓரிடத்திலும் நேரடியாகச் சொல்லப்படவில்லை என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மாற்றுச் சமயத்தாரையும் நம்பிக்கையற்றவர்களையும் வைக்கோல் பொம்மைகளாக நிறுத்துவது, மலைப்பகுதியில் வாழ்கிற நமக்குக் கொஞ்சமும் பொருந்தாத தவறு. தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் ஜெபமும் அந்தப்பக்கம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கான ஏற்பாடும் நடக்கின்றன. பிரசவ வலி எடுத்தால் இரண்டு வீட்டாரும் சேர்ந்துதான் ஜீப் தேடி ஓடுகிறார்கள். பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்தி வருகிற படுகப் பெரியவரையோ, கொடைக்கானல் பகுதியில் பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலில் மனமுருகி நிற்கிற விவசாயியையோ கதையில் கொண்டுவரும்போது, அவரே அதைப் படித்தால் 'இது நான்தான்' என்று சொல்லும்படி எழுத வேண்டும். தஸ்தயேவ்ஸ்கி உறுதியான கிறிஸ்தவர். ஆனால் 1880இல் முடித்த தம் கடைசி நாவலில், குழந்தைகள் படும் துன்பத்தை முன்வைத்துத் தேவனுடைய உலகத்தை ஏற்க மறுக்கும் இவான் என்ற பாத்திரத்துக்கு அவர் கொடுத்த வாதங்களைவிட வலுவான வாதங்களை நாத்திகர்கள்கூட எழுதியிருப்பார்களா என்பது ஐயமே. எதிர்த்தரப்பை எளிதாகத் தோற்கடிக்கிற எழுத்தாளருக்குத் தம் விசுவாசத்தின் மேலேயே போதிய நம்பிக்கை இல்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அடுத்த தவறுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது: ஜெபத்தைக் கதையை முடித்துவைக்கும் கருவியாகப் பயன்படுத்துவது. கடன், வியாதி, பிரிந்த கணவன் என்று பன்னிரண்டு பக்கங்களுக்குக் கட்டிய முடிச்சு, பதின்மூன்றாம் பக்கத்தில் முழங்காற்படியிட்டதும் அவிழ்ந்துவிடுகிறது. ஜெபத்துக்குப் பதில் கிடைக்கிறது என்று நானும் விசுவாசிக்கிறேன். கிடைக்காத பதிலோடு வருடக்கணக்காக ஆராதனைக்கு வந்து அதே இருக்கையில் அமர்கிறவர்களும் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கதை என்ன சொல்கிறது? 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஏதும் இன்றியே முடிகிறது. அதை யாரும் வேதாகமத்திலிருந்து நீக்கிவிடவில்லை.

இந்த மலையிலேயே இதற்கு ஒரு சோதனைக்கல் உண்டு. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகள் 40க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. அத்தகைய ஒரு மழை இரவை வைத்து, ஜெபித்த குடும்பத்தின் வீடு மட்டும் நிற்க, மற்ற வீடுகள் மண்ணில் புதைகிற கதைகள் எழுதப்படுகின்றன. தப்பியவர் தேவனுக்கு நன்றி சொல்வது இயல்பு, அதை எழுதலாம். தப்பியதற்குக் காரணம் அவருடைய பக்தி என்று கதாசிரியர் தம் குரலில் சொல்லிவிட்டால், அடுத்த வீட்டில் இறந்த குழந்தையைப் பற்றியும் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று பதிலும் சொல்லியிருக்கும்போது (லூக்கா 13), அந்தத் தீர்ப்பைச் சொல்ல நமக்கு அதிகாரம் ஏது? அத்தகைய இரவை எழுத விரும்புகிறவர், மறுநாள் காலையில் தப்பிய குடும்பத்தின் தாய் அடுத்த வீட்டாரின் உறவினர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கும்போது என்ன பேசுவார் என்பதை எழுதட்டும். இல்லை, எதுவும் பேச முடியாமல் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு நிற்பதை எழுதட்டும்.

விசுவாசம் செயல்படும் இடத்தைக் கதைக்குள் காட்ட அற்புதங்களைத் தேட வேண்டியதில்லை. அறுப்பின் பண்டிகையன்று ஆலயத்தின் முன்னால் காணிக்கையாக வந்த கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் ஏலம் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். நிலத் தகராறில் அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்ட தம்பி, அண்ணன் தோட்டத்து முட்டைக்கோஸ் ஐம்பது ரூபாயைத் தாண்டாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஏலம் விடுகிறவர் இரண்டு தரம் சொல்லிவிட்டார். தம்பி முந்நூறு என்கிறான். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டைக்கோசைத் தூக்கிக்கொண்டு போகிற தம்பிக்குத் தான் செய்தது அன்பினாலா, ஊர் பார்க்கிறது என்பதனாலா என்று தெரியவில்லை. இங்கே ஒரு வசனத்தையும் மேற்கோள் காட்டவில்லை. ஒப்புரவாகுதல் என்ற பொருள் முழுவதும் அந்த முந்நூறு ரூபாய்க்குள் இருக்கிறது. இதன்பின் போதகர் வந்து விளக்கம் சொல்லும் பத்தி ஒன்றைச் சேர்த்தால் கதை அங்கேயே கெட்டுப்போகும். கெட்ட குமாரன் உவமையில்கூட, வெளியே நின்ற மூத்த மகன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை.

ஊர் விவரங்களில் காட்டப்படும் அலட்சியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூடுபனி வந்தால் சந்தேகம், வெயில் வந்தால் விசுவாசம் என்று மலையை வெறும் அடையாளமாக்கிவிட்டு, உறைபனியில் கொழுந்து கருகுவதையும் கவாத்துக்கு (தேயிலைச் செடிகளை வெட்டிவிடுவதற்கு)ப் பிறகு வேலை குறைவதையும் எழுதாமல் விடுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கொடைக்கானல் பகுதியில் 2006இலும் 2018இலும் பூத்தது. 2012இல் நடக்கும் கதையில் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாக மலைச்சரிவு முழுதும் அதைப் பூக்க வைத்தால் பழனி மலைக்காரர் நூலை மூடிவிடுவார். உதகைக்கு 1955 முதல் தனிக் கத்தோலிக்க மறைமாவட்டம் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையிலோ நீலகிரி கோயம்புத்தூர் திருமண்டலத்தைச் சேர்ந்தது. ஆயர் வருகைக் காட்சி எழுதுகிறவர், அவர் எந்தச் சபையின் ஆயர், எந்த ஊரிலிருந்து காரில் ஏறினார் என்பதைத் தெரிந்து எழுத வேண்டும். எஸ்டேட் பெண்மணி அடுப்பங்கரையில் பேசும்போது பழைய வேதாகம நடையில் பேசுவதும் இதே வகை அலட்சியம்தான்.

சபையின் குறைகளை மூடி மறைப்பது இன்னொரு தவறு. ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு என்ற நாவல் 1964இல் வெளிவந்தது. அதில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணான லிஸி பனையேறியின் மகனை விரும்பும்போது குறுக்கே நிற்பது அதே விசுவாசத்தைச் சொல்லிக்கொள்ளும் குடும்பத்தின் அந்தஸ்துப் பெருமைதான். ஆசிரியர் அதை மறைக்கவில்லை, வெறுப்போடும் எழுதவில்லை. சாதி பார்த்து மணம் பேசுவதையும், சபைத் தேர்தலில் நடப்பதையும் எழுதாமல் சபையைப் பற்றி உண்மையாக எழுத முடியாது. அதே நேரத்தில், போதகர் என்றாலே பணம் சுருட்டுகிறவர் என்று எழுதுவது துணிச்சலும் அல்ல, உண்மையும் அல்ல. ஐந்து எஸ்டேட்டுகளுக்கு ஒரே ஆளாக, மழையில் நனைந்துகொண்டு பைக்கில் போய் அடக்க ஆராதனை நடத்தும் போதகரும் இந்த மலையில்தான் இருக்கிறார்.

கடைசியாக, எழுத்தாளர்கள் அதிகம் பேசாத ஒரு தவறு. வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, தன் கணவனைப் பற்றியோ மகளைப் பற்றியோ அழுதுகொண்டே ஜெபக்குறிப்பு சொல்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் எழுத்தாளருக்கு அது கதையாகத் தெரிகிறது. அவர் பெயரை மாற்றுகிறார், கோத்தகிரியைக் குன்னூர் ஆக்குகிறார், மகளை மகன் ஆக்குகிறார், போதும் என்று நினைக்கிறார். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கொருவர் தெரிந்த மலை ஊர்களில் அது போதவே போதாது. இதழ் வெளிவந்த ஞாயிறன்றே ஆலய வாசலில் விஷயம் தெரிந்துவிடும். அந்தப் பெண் அதைத் தேவனிடத்தில் சொல்வதற்காகச் சொன்னார், அச்சில் வருவதற்காகச் சொல்லவில்லை. ஒருவரின் துயரம் கதையின் கருவாக வேண்டுமென்றால், அது பல ஆண்டுகள் மனதில் கிடந்து, வேறு பலரின் வாழ்க்கையோடு கலந்து, உரியவரே அடையாளம் காணாத அளவுக்கு மாறியிருக்க வேண்டும். அவ்வளவு மாறாமல் எழுதத்தான் வேண்டுமென்றால், அச்சுக்குப் போகும் முன் முழுப் படியையும் அவர் கையில் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவராக இருந்தால் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். போதகரையோ சங்கத் தலைவியையோ வைத்துக் கேட்காமல் தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் முன்னிலையில் அவரால் மறுக்க முடியாது. யோசிக்க நாட்கள் கொடுத்து, அவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் படியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.