மணி அடிப்பதை நிறுத்தினேன், எழுந்து நடந்தார்கள்

உட்கார்ந்தே வேலை செய்யும் அலுவலக நண்பர்களுக்காக நான் எழுதிய ஆண்ட்ராய்டு செயலி, அரை மணிக்கு ஒருமுறை ‘எழுந்திருங்கள்’ என்று மணி அடித்தது. இரண்டே வாரத்தில் பாதிப் பேர் அதை அணைத்துவிட்டார்கள். பக்கத்து இருக்கை அக்காவிடம் காரணம் கேட்டேன்.

“டீ குடிச்சுட்டு வந்து உட்கார்ந்த உடனே அடிக்குதுப்பா” என்றார்.

அவருடைய போன் மேசையிலேயே கிடந்திருக்கிறது. போன் அசையவில்லை என்பது மட்டும்தான் அதிலிருக்கும் அசைவுமானிக்குத் தெரியும். ஆள் நடந்தது தெரியாது. நடந்து வந்தவரையே எழுந்திரு என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

சரி, கடிகாரமே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். இப்போது அழைப்பு வரும்போது மட்டும் திரையில் ஒரு வரி: ‘நடந்துகொண்டே பேசலாமே’. அப்போது போன் கையில் இருப்பதால் நடந்த அடிகளின் கணக்கும் ஓரளவு சரியாக விழுகிறது. அக்கா ஜன்னல் வரை போய்த் திரும்பிப் பேசுகிறார். அழைப்பே வராத பிற்பகலுக்குத்தான் இன்னும் வழி தேடுகிறேன்.