டான்யூப் நதியில் கப்பல் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஆற்றுக் கப்பல் பயணம் என்றதும் எல்லோரும் முதலில் அறையின் படத்தைத்தான் பார்க்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கப்பல் எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்ற கால அட்டவணையை முதலில் கேட்டு வாங்குங்கள்.

1. பாதையைச் சுருக்குங்கள்

டான்யூப் ஏறக்குறைய 2,850 கிலோமீட்டர் ஓடுகிறது, பத்து நாடுகளைத் தொடுகிறது. முதல்முறைக்கு அத்தனையும் வேண்டாம். ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை ஒரு வாரம் போதும். வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் என மூன்று தலைநகரங்கள் அதற்குள் வந்துவிடும்.

2. அட்டவணையைப் படியுங்கள்

இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஆஸ்திரியாவில் மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையே உள்ளது வாகாவ் பள்ளத்தாக்கு. திராட்சைத் தோட்டங்களும் குன்றின்மேல் கோட்டைகளுமாக நீளும் இந்த இடம் 2000-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மெல்க் மடாலயம் தொடங்கிய ஆண்டு 1089. கொஞ்சம் தள்ளி இருக்கும் டுர்ன்ஸ்டைன் கோட்டையில்தான் இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டை 1192-இல் சிறை வைத்தார்கள். இதையெல்லாம் கப்பல் இரவில் கடந்துபோனால் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அதனால் வாகாவ் பகலில் வருகிறதா என்று பாருங்கள்.

புடாபெஸ்ட் இதற்கு நேர் எதிர். விளக்கேற்றிய நாடாளுமன்றக் கட்டடத்தை இருட்டிய பிறகு ஆற்றிலிருந்து பார்க்க வேண்டும். அதற்காகவே பயணத் தேதியை மாற்றினாலும் தப்பில்லை. வியன்னாவில் ஒரு இரவாவது கப்பல் நிற்கட்டும். பிராட்டிஸ்லாவாவுக்கு அரை நாள் போதும். 1563 முதல் 1830 வரை ஹங்கேரி அரசர்களுக்கு முடிசூட்டிய புனித மார்ட்டின் பேராலயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

3. நீர்மட்டம்

வெயில் காலத்தில் மழை பொய்த்தால் நீர்மட்டம் இறங்கிக் கப்பல் தரைதட்டும் அபாயம் உண்டு. 2018, 2022 இரண்டிலும் வறட்சியால் பல பயணங்கள் தடுமாறின. வெள்ளம் வந்தாலும் சிக்கல்தான், பாலத்துக்கு அடியில் நுழைய இடம் இருக்காது. அப்படியானால் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோவது வழக்கம். பணம் கட்டும் முன் இதற்கான விதிமுறையைக் கேட்டு வையுங்கள்.

4. விசா

இந்தப் பாதையில் வரும் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி நான்கும் ஷெங்கன் நாடுகள், அதாவது குறுகிய காலப் பயணத்துக்குப் பொது விசா தரும் ஐரோப்பிய நாடுகள். விசா தேவைப்படுகிறவர்களுக்கு ஒரே ஷெங்கன் விசா போதும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும். கப்பல் செர்பியத் தலைநகர் பெல்கிரேடு வரை போனால் கவனம்: செர்பியா ஷெங்கனில் இல்லை. அங்கிருந்து திரும்பி வர, ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும்.

5. அறை

சரி, இப்போது அறை. கீழ்த்தளம் மலிவு, ஆனால் ஜன்னல் சிறியது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும், பெரும்பாலும் திறக்காது. பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று யோசியுங்கள். துறைகளில் இடம் குறைவு என்பதால் கப்பல்களை ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கட்டுவார்கள். திரையை விலக்கினால் அடுத்த கப்பல்காரர் பல் துலக்குவதுதான் தெரியும். பகலில் எப்படியும் மேல்தளத்தில்தான் இருப்பீர்கள் என்பதால் நடுத்தள அறையே என் தேர்வு.

6. கப்பலில் ஏறிய பிறகு

கரையில் இறங்கும்போது அறை அட்டையும் கப்பல் கிளம்பும் நேரமும் கையில் இருக்கட்டும். தாமதமாக வருகிறவருக்காகக் கப்பல் காத்திருக்காது. பாசாவில் துறையிலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். வியன்னாவில் கப்பல்கள் வழக்கமாக நிற்கும் ரைக்ஸ்ப்ரூக்கே பாலம் நகர மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. பக்கத்திலேயே யு1 மெட்ரோ உண்டு, அது நேராக நகர மையத்தில் உள்ள ஸ்டெபான்ஸ்பிளாட்ஸில் கொண்டுபோய் விடும்.

அப்புறம், அணைகளை ஒட்டிய நீர்ப்பூட்டுகள். கதவை மூடித் தண்ணீரை வடித்துக் கப்பலை அடுத்த மட்டத்துக்கு இறக்குவார்கள். இந்தப் பாதையில் நீர்ப்பூட்டுகள் பெரும்பாலும் 24 மீட்டர் அகலம், கப்பல் சுமார் 11.4 மீட்டர். ஆனாலும் கப்பல் சுவரை ஒட்டி நிற்கும், அதனால் கையை வெளியே நீட்டாதீர்கள். இரவில் லேசாக முட்டும் சத்தம் கேட்டால் பயப்படாமல் திரும்பிப் படுங்கள்.