ஆங்கில ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது நேரும் தவறுகள்

தீசிஸ் அத்தியாயத்தைத் திருத்தித் தரும் கைடு, மார்ஜினில் ‘இது யார் சொன்னது?’ என்று எழுதியிருப்பார். பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருக்கிறதே, அப்புறம் என்ன கேள்வி என்று மாணவர் குழம்புவார். கோளாறு பெரும்பாலும் அந்தப் பெயரை வாக்கியத்தோடு சேர்க்கும் சொற்களில் இருக்கும்.

சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சிறு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். சிதறும் ஒளியில் அதிர்வெண் மாறிய ஒரு பகுதியும் இருக்கிறது என்று அறிவித்த கட்டுரை அது. இதை எழுதும்போது, ‘அக்கார்டிங் டு ராமன் அண்ட் கிருஷ்ணன், தே ஸ்டேட்டட் தட்...’ என்று தொடங்குபவர்கள் ஏராளம். யார் சொன்னது என்பது அங்கே இரண்டு முறை வந்துவிடுகிறது. ‘அக்கார்டிங் டு’ போட்டால் நேராக விஷயத்துக்குப் போய்விடுங்கள். ‘அக்கார்டிங் டு மீ’ என்பது வேண்டவே வேண்டாம். அந்தத் தொடர் பிறர் சொன்னதற்கு மட்டும்தான். ‘ஆஸ் பெர்’ அலுவலகக் கடிதத்தோடு நிற்கட்டும்.

அடுத்தது வினைச்சொல். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாதென்று ‘ஸ்டேட்டட்’, ‘க்ளெய்ம்ட்’, ‘ப்ரூவ்ட்’ என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இவை ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல. ராமனும் கிருஷ்ணனும் ‘க்ளெய்ம்ட்’ என்று எழுதினால், அவர்கள் சொன்னதில் உங்களுக்கு ஐயம் இருப்பதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். சோதனையில் கண்டதைச் சொல்ல ‘ரிப்போர்ட்டட்’ போதும். வாதம் வைத்தவருக்கு ‘ஆர்க்யூட்’, தயக்கத்தோடு ஊகித்தவருக்கு ‘சஜஸ்டட்’. ‘ப்ரூவ்ட்’ கணிதத் தேற்றங்களுக்குப் பொருந்தும். நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துச் செய்த சர்வே எதையும் ‘ப்ரூவ்’ செய்துவிடாது. ‘ரிப்போர்ட்டட்’ ஒரே பக்கத்தில் நான்கு முறை வந்தாலும் குடிமுழுகிப் போகாது.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, படிக்காததைப் படித்ததாகக் காட்டுவது. ராமனின் கட்டுரை பற்றி ஒரு பாடநூலில் படித்துவிட்டு, நேராக ‘ராமன் அண்ட் கிருஷ்ணன், 1928’ என்று போட்டுவிடுகிறார்கள். பாடநூல்காரர் பக்க எண்ணைத் தப்பாகக் கொடுத்திருந்தால் அந்தத் தப்பும் உங்கள் தீசிஸில் ஏறிவிடும். வைவாவில் யாராவது அதைத் தோண்டினால் தப்பிக்க வழியில்லை. ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் முறையில் இதற்கு ‘ஆஸ் சைட்டட் இன்’ இருக்கிறது: முதலில் மூலக் கட்டுரை, அந்தத் தொடர், பிறகு நீங்கள் படித்த பாடநூல். ரெஃபரன்ஸ் பட்டியலில் பாடநூல் மட்டும் வரும். மூலம் கைக்குக் கிடைக்காதபோதுதான் இது. கிடைத்தால் படித்துவிடுவதே மேல், அதிலும் இவ்வளவு சிறிய கட்டுரையை.

‘மற்றும் பிறர்’ என்று பொருள்படும் ‘எட் அல்.’ விஷயத்தில் பழைய விதிக் கையேடுகளால் வரும் குழப்பம் அதிகம். 2019இல் வந்த ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பின்படி, மூன்று பேர் அல்லது அதற்கு மேல் எழுதியிருந்தால் முதல் முறையிலிருந்தே முதல் ஆசிரியர் பெயரோடு ‘எட் அல்.’ போடலாம். ஆறாம் பதிப்பில், மூன்று முதல் ஐந்து பேர் என்றால் முதல் முறை எல்லாப் பெயர்களையும் எழுத வேண்டியிருந்தது. துறைகளில் சுற்றும் ஜெராக்ஸ் பிரதிகள் இன்னும் அதையே சொல்லும். ஆசிரியர்கள் இரண்டே பேர் என்றால் இருவரையும் எழுத வேண்டும், ‘ராமன் எட் அல்.’ தவறு. புள்ளி ‘அல்’லுக்குப் பின் மட்டும். அதற்கு வரும் வினை பன்மை: ‘ஹேஸ்’ அல்ல, ‘ஹேவ்’.

சில்லறைத் தவறுகள் சில. ‘வித் ரிகார்ட்ஸ் டு’ அல்ல, ‘வித் ரிகார்ட் டு’. ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ‘அபவுட்’ வராது. ‘சி.எஃப்.’ என்றால் ஒப்பிட்டுப் பார் என்று பொருள். வெறுமனே இதைப் பார் என்பதற்கு அதைப் போடாதீர்கள். ஆசிரியர் பெயருக்குப் பதில் ரெஃபரன்ஸ் பட்டியல் எண்ணைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடும் ஐ.இ.இ.இ. முறையில் எழுதும் பொறியியல் மாணவர்கள் வாக்கியத்தின் நடுவில் ‘இன் [3]’ என்று எழுதினால் போதும். ‘ரெஃபரன்ஸ்’ என்ற சொல் வாக்கியத் தொடக்கத்தில்தான் தேவை.

கடைசியாக, நம் ஊர் மரியாதை. பெரியவர்களை வெறும் பெயர் சொல்லி எழுதக் கை கூசும். ‘டாக்டர்’, ‘புரொஃபஸர்’ எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆங்கில ஆய்வு நடையில் நோபல் பரிசு வாங்கியவரும் ‘ராமன்’தான். கைடுக்குச் செய்ய வேண்டிய மரியாதையை அக்னாலட்ஜ்மென்ட் பக்கத்தில் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.